பாங்குக்குப் பின் நாற்பது நிமிடம்

என் கணவர் போனில் "கிளம்பிட்டேன்" என்று சொன்னால், செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று பொருள். "வந்துகிட்டே இருக்கேன்" என்றால் செருப்பு கிடைத்துவிட்டது. "இதோ, வந்துட்டேன்" என்றால் கிண்டியைத் தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மொழியை நான் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன். என் மகளும் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது போன ரமலானில்தான் தெரிந்தது.

அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. நாலு மிஷின், ஏழு ஆட்கள். பம்புகளுக்கான உதிரி பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கிறார்கள். வீடு மயிலாப்பூரில், கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாவது தளம். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். நான் மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன், வீட்டுக்கு வந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மகளுக்குப் பத்து வயது. அதுவரை மத்தியானம் வரைக்கும் அரை நோன்பு பிடித்துப் பெருமை அடித்துக்கொண்டிருந்தவள், அந்த வருடம் முழு நோன்பு பிடித்தே தீருவேன் என்றாள். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் முதல் நோன்பு அன்று புது உடுப்புப் போட்டு, பூ வைத்து, மாலையில் பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தைத் தகப்பன் தன் கையால் வாயில் வைக்க வேண்டும். தன் அத்தா தனக்கு அப்படி வைத்ததை இவர் ஒவ்வொரு ரமலானிலும் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது கண் கலங்கும். கதை சொல்ல மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடும்.

முதல் பிறையன்றே பிடிக்கிறேன் என்றாள். பட்டறையில் ஒரு மிஷின் நின்றுவிட்டது, அவர் வர முடியாது என்று தள்ளிப் போட்டோம். எட்டாம் நோன்பு வெள்ளிக்கிழமை, கட்டாயம் என்றார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்ட்டி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மதியமே நான் அவளைச் சாப்பிட வைத்துவிட்டேன். இரண்டு தடவையும் அவள் அழவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அழுகிற பிள்ளைக்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம். "சரிம்மா" என்று சொல்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது?

மனிதரிடம் நான் கெஞ்சிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டாயிற்று, இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாயிற்று. எனக்கெல்லாம் அவர் பயப்படுகிற ஆள் இல்லை. அல்லாஹ்வுக்குப் பயப்படுவார். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

பதினைந்தாம் நோன்பு. விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு முடிந்து அவர் பல் தேய்க்கப் போயிருந்தார். மகள் என் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து, மதரசாவில் சொல்லிக் கொடுத்தபடி, இந்த ரமலான் மாதத்து நோன்பைப் பிடிக்க நிய்யத்து வைக்கிறேன் என்று சொல்லி முடித்தாள். நிய்யத்து என்றால் மனதால் எண்ணி உறுதி செய்வது. அது இல்லாமல் நோன்பு இல்லை. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணும் சேத்துக்கோ. அத்தா வந்து கையால குடுத்தாதான் திறப்பேன்னு சொல்லு" என்றேன்.

"நிய்யத்துலயாம்மா?"

"ஆமா. சொல்லு."

சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வந்தார். "கேட்டீங்களா? உங்க பொண்ணு நிய்யத்துலயே உங்களைக் கட்டிப் போட்டுட்டா. நீங்க வந்து குடுத்தாதான் இன்னிக்கு நோன்பு திறப்பாளாம்" என்றேன். அவளே யோசித்துச் சொன்ன மாதிரி. மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அவருக்கோ பெருமை பிடிபடவில்லை. "என் தங்கம்! அத்தா அஞ்சரைக்கே வந்து உக்காந்திருப்பேன் பாரு" என்று அவள் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். வசமாக மாட்டினார் என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அந்த அரைத் தூக்கத்திலும் இவ்வளவு திருப்தியாக நான் என்றும் பாத்திரம் கழுவியதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அன்று அவளுக்கு அறிவியல் தேர்வு. மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வெயில் அப்போதே மாசி மாதத்துக்கு மீறி அடித்தது. ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். "முடியலன்னா விட்டுரு கண்ணு, உனக்கு இன்னும் அந்த வயசு வரல, கடமை ஆகல" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்று.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வந்தேன். ஐந்தரைக்குப் போன் செய்தேன்.

"கிளம்பிட்டேன்" என்றார்.

பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கடைகிற சத்தம், இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம். பைக்கில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வராது.

"மிஷின் சத்தம் கேக்குது."

"கேட்டுல நிக்கிறேன்மா. வை, வை."

ஐந்து ஐம்பதுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆறு மணிக்கு மகளை எழுப்பி, முகம் கழுவி, பிஸ்தா பச்சையில் எடுத்திருந்த புது உடுப்பைப் போட்டுவிட்டேன். தலையில் மல்லிகைப்பூ வைத்தேன். கூடத்தில் பாய் விரித்துப் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, தர்பூசணி எல்லாம் அடுக்கினேன். அவள் தகப்பனுடைய இடத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் தட்டில் இல்லை, கதவில் இருந்தது.

ஆறு பத்துக்கு மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கிண்டியிலிருந்து இங்கே வருகிற பாதை எனக்குத் தெரியும். சைதாப்பேட்டை சிக்னல், நந்தனம், அப்புறம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளங்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் ஊரில் உள்ள அத்தனை வண்டியும் அதே ரோட்டில்தான் நிற்கும்.

ஆறு இருபதுக்குப் பாங்கு ஒலித்தது.

வருடக்கணக்கான பழக்கம். முதல் சத்தம் காதில் விழுந்ததும் என் கை தானாகப் போய் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டது. ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்துவிட்டேன். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். மகள் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாங்கு சொல்லியாச்சு. எடுத்துக்கோ."

"அத்தா வரல."

"வந்துருவாங்க. நீ திற. நேரத்தோட திறக்கிறதுதான் சுன்னத்து, நபி வழி. தாமதிக்கக் கூடாது."

"நிய்யத்துல சொல்லியிருக்கேன்ல?"

சிரிக்கப் பார்த்தேன். "அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிய்யத்துல விளையாடலாமா?"

விளையாடலாம் என்றால் நாளைக்கு நான் சொல்லிக் கொடுக்கிற எதை நம்புவாள்? விளையாடக் கூடாது என்றால் காலையில் நான் செய்தது என்ன? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது தன்னோடு போயிற்று. "இல்ல, விளையாட்டில்ல, ஆனா பாங்கு சொல்லிட்டா அதெல்லாம் சரியாயிடும்" என்று ஏதோ உளறினேன். அவள் கதவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆறரைக்கு அவர் போனை எடுத்தார். சுற்றிலும் ஹாரன் சத்தம். "சைதாப்பேட்டை தாண்டிட்டேன். ஒரே டிராபிக். ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்" என்றார்.

"புள்ள இன்னும் திறக்கல. நீங்க வந்தாதான் திறப்பேன்னு உக்காந்திருக்கா. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சுங்க."

"என்னது? போனை அவகிட்டக் குடு."

ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"தங்கம், அத்தா சொல்றேன். தண்ணி குடிச்சு நோன்பைத் திறந்துரும்மா. அத்தா வந்துட்டேன். இதோ, பத்து நிமிஷம்."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். கோபமே இல்லாமல், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி. "போன்ல சொல்றது கணக்கில்லம்மா. அத்தா போன்ல எப்பவும் வந்துட்டேன்னுதான் சொல்வாங்க."

ஸ்பீக்கர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு? நிய்யத்துல போய் இப்படியெல்லாம் சேக்கலாமா?" என்றார்.

மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் போனை எடுத்து, "சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், அவள் மேல் வந்தது. டம்ளரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். "குடி. பெத்தவ சொல்றேன், குடி." பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் முகவாயில் வழிந்து புது உடுப்பெல்லாம் நனைந்தது. "அல்லாஹ்வே திறக்கச் சொல்லிட்டான், நீ யாருடி திறக்க மாட்டேன்னு சொல்றதுக்கு?" என்று கத்தினேன். கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. நோன்பு வைத்த பிள்ளையை அடிக்கப் போனேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குலை நடுங்குகிறது.

கத்தல் கேட்டு எதிர் வீட்டு மாமி கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே மகளைப் பார்த்தார், பிறகு உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எப்போலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை?"

"காலைல அஞ்சு மணிலேருந்து."

"நாக்கெல்லாம் ஒலந்துண்டு கெடக்கேடிம்மா. நாடி படபடன்னு அடிக்கறது. ஒங்காத்து மனுஷர் எங்கே?"

"வந்துக்கிட்டு இருக்கார் மாமி."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் ஏழேகால் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல ஆட்டோவக் கூப்பிட்டு நானே தூக்கிண்டு போயிடுவேன். டிரிப்ஸ் போட்டா அவ திறக்கறாளா திறக்கலையான்னு யாரும் கேக்க மாட்டா." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்திநேர மஃரிபு தொழுகைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் நான் செய்தது தப்பு, அதற்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை, உன் அத்தாவை இழுத்து வர உன் நோன்பைக் கயிறாக்கிக்கொண்டேன் என்று. மாமி முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையின் நாடி அப்படி அடிக்கிறது, எனக்கு மானம் பெரிதாகப் போயிற்று.

ஏழு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது மகள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்தாள். நான் பிடித்து மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு சுடவில்லை, ஈரமாகச் சில்லென்று இருந்தது. "தலை சுத்துதும்மா" என்றாள். மாமி எழுந்துவிட்டார். "போரும். ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

நான் போனை எடுத்த நேரத்தில் கீழே வண்டி வந்து விழுகிற சத்தம் கேட்டது. நிறுத்துகிற சத்தம் இல்லை, ஸ்டாண்டு போடாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிற சத்தம். படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறி வந்தார். தலையில் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. சட்டை முழுக்கக் கிரீஸும் வியர்வையும். மகள் முன்னால் முட்டி போட்டு விழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

"வந்துட்டேன் தங்கம். வாயைத் திற."

அவள் என் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க திறந்துட்டீங்களா அத்தா?"

அவர் காலர் ஓரத்தில் கஞ்சி சிந்தி உலர்ந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். இல்லை என்று அவர் சொல்லலாம். சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பாள். சொல்லிவிடுங்கள் என்று ஒரு கணம் நானே மனதுக்குள் கெஞ்சினேன். போனில் அவ்வளவு சரளமாக வருகிற பொய்க்கு இப்போது என்ன கேடு?

அவர் பழத்தைப் பிடித்த கையைக் கீழே இறக்கினார்.

"திறந்துட்டேன்மா. சைதாப்பேட்டைல பாங்கு சொல்லும்போது சிக்னல்ல நின்னேன். பள்ளிவாசல் பசங்க ஒவ்வொரு வண்டியா வந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடுத்தாங்க. வாங்கிச் சாப்பிட்டுட்டேன். அப்ப உன் நெனப்பு எனக்கு வரல. அம்மா போன் பண்ணப்பறம்தான் வந்துச்சு." என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அஞ்சரைக்குக் கிளம்பிட்டேன்னு அம்மாகிட்ட சொன்னதும் பொய். ஆறுக்குதான் கிளம்பினேன்."

மாமி நாற்காலியை நகர்த்தாமல் எழுந்து, சத்தமில்லாமல் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை வருடமாக இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று. மீதிப் பாதி யார் மேல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துபோயிற்று.

"அவள திட்டாதீங்க" என்றேன். "நிய்யத்துல அப்படிச் சொல்லச் சொன்னது நான். அவளா சொல்லல. உங்களை வரவைக்கணும்னு நான்தான் சொல்ல வச்சேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினேன். "அது மார்க்கத்துல இல்ல கண்ணு. அம்மா பண்ணது தப்பு. அல்லாஹ் பேரை வச்சு உங்க அத்தாவை மிரட்டினேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்த நாள் முழுக்க அழாத பிள்ளை அப்போதுதான் உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்ப என் நோன்பு செல்லாதா?"

யாருக்காகக் காத்திருந்தாள், யார் ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலையிலிருந்து வறண்ட நாக்கோடு அவள் வைத்திருந்த நோன்பு போய்விட்டதா என்பதுதான் அவள் கவலை. அவளை அடிக்க ஓங்கிய என் வலது கையை நான் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"செல்லும்மா" என்றார் அவர். "இந்த வீட்டுல இன்னிக்கு செல்லுற நோன்பு உன்னோடது ஒண்ணுதான். எங்க ரெண்டு பேரோடதைப் பத்தி நாங்கதான் அல்லாஹ்கிட்ட கேக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்லாஹ் பேரில் பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தாள். பேரீச்சம்பழம் அவள் உதட்டில் பட்டும் உள்ளே போகவில்லை, அவர் கை அப்படி நடுங்கியது. அவளே அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திக் கடித்தாள்.